பதினாறாம் தேதி நகல்

பிப்ரவரி 3

வணக்கம்.

வாண்டு நலம். நானும் இருக்கிறேன். இது வேலை விஷயமான கடிதம். அதற்கு மேல் இதில் எதையும் தேட வேண்டாம்.

நீதிமன்றத்தில் ஆதாரமாக வைத்திருந்த உங்கள் ஃபயர்வால் பெட்டியைப் போன வாரம் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். "நம்ம வீட்டு நெட்டுக்கு இதுதான் வாட்ச்மேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவீர்களே, அதே பெட்டிதான். நூல் சுற்றி, அரக்கு வைத்து, ஒரு எண் எழுதிய சீட்டைக் கட்டியிருந்தார்கள். வாண்டு அந்தச் சீட்டை மட்டும் கத்தரித்து எங்கேயோ ஒளித்துவிட்டாள்.

இப்போது அதற்கு வேலை வந்திருக்கிறது. தேர்வு அலுவலகத்தில் இனி வினாத்தாள்களை வீட்டிலிருந்தே பிழை பார்க்கலாம் என்கிறார்கள். ஆனால் வீட்டில் ஒழுங்கான ஃபயர்வால் இருக்க வேண்டும். மார்ச் 12 அன்று ஆள் வந்து பார்ப்பார்கள். சரியில்லை என்றால் வேலை இல்லை, அவ்வளவுதான்.

ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "இதெல்லாம் எதுக்குக்கா? எல்லாத்தையும் தொறந்து விட்டுடறேன், நெட் பறக்கும்" என்றான். தொறந்து கிடந்ததாலதான் என் புருஷன் உள்ளே கிடக்கிறார் என்று சொல்ல வாய் வரை வந்தது. டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நம் வீட்டு வழியாகத்தான் நீங்கள் வீட்டிலிருந்தும் பார்த்துக்கொண்ட மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் புகுந்தார்கள் என்று தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்தப் பெட்டியின் பின்துளையில் ஊசியைக் குத்தி எல்லாவற்றையும் அழித்தீர்கள். "தன் கவனக்குறைவை மறைக்க ஆதாரத்தை அழித்தார்" என்று நீதிபதி வாசித்தது எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். அந்த நான்கு நாள் மருத்துவமனை முடங்கியதில் ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் கால் போன தையல்காரர், அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டதும் மனப்பாடம். தினமும் அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

அழித்தவருக்குத்தானே பழையபடி ஆக்கவும் வழி தெரியும்? எழுதுங்கள். சனிக்கிழமை ஐந்து நிமிடப் போன் பேச்சு வாண்டுவுடையது, அதை நான் பிடுங்கமாட்டேன்.

வாண்டுவின் அம்மா


பிப்ரவரி 10

அன்புள்ள கறாருக்கு,

'வணக்கம்' என்று தொடங்கியிருந்தாய். வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் பயந்தே போனேன். பிறகுதான் கையெழுத்தைப் பார்த்தேன். தீர்ப்பு வந்து பதினொரு மாதம் ஆகிறது, இதுதான் உன் முதல் கடிதம். எதையும் தேட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான்கு முறை தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை, பரவாயில்லை.

நான் நலம். நூலகத்தில் புத்தகம் ஒட்டும் வேலை. பசை நாற்றம் கையை விட்டுப் போவதில்லை.

இனி வேலை. மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, துணி போட்டு மூடியிருப்பேன். அதிகாரிகள் பெட்டியையும் என் லேப்டாப்பையும்தான் கொண்டுபோனார்கள். அந்தக் கிழத்தை யாரும் சட்டை செய்யவில்லை. பெட்டியின் அமைப்பு முழுவதும் ஞாயிறுதோறும் காலையில் தானாகவே அதில் ஒரு நகலாகப் பதிவாகும்படி வைத்திருந்தேன். கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும்.

ஜூன் 9 தேதியிட்ட நகலை எடு. பெட்டிக்கும் உன் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு கேபிளைச் செருகு. வெளியிலிருந்து வரும் கேபிளை இப்போது செருகாதே. பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை உலாவியில் அடித்தால் உள்ளே போகும் பக்கம் திறக்கும். அதில் 'மீட்டெடு' என்று இருக்கும். நகலைக் காட்டு. ஐந்து நிமிடம் எல்லா விளக்கும் கண்ணடிக்கும். பாதியில் மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிடாதே.

ஜூன் 16 என்று இன்னொரு நகலும் இருக்கும். அது பாதியில் கெட்டுப்போன நகல். அதைத் தொடாமலே விட்டுவிடு.

உன் அம்மா போன பிறகு அவர்கள் அறையை என்ன செய்தாய்? ஜன்னல் ஓரம் உனக்கு மேசை போட்டுக்கொள். வெளிச்சம் நன்றாக வரும்.

பூட்டு
(கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவனுக்கு நீ வைத்த பெயர்தான். மறந்திருக்கமாட்டாய்.)


பிப்ரவரி 19

உங்கள் கடிதம் அங்கங்கே கறுப்பாக வந்து சேர்ந்தது. எங்கெல்லாம் எண் வந்ததோ அங்கெல்லாம், விளக்கு எத்தனை நிமிடம் கண்ணடிக்கும் என்பதில்கூட, மை அடித்திருக்கிறார்கள். தேதிகளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள், பிழைத்தேன்.

ஜூன் 9 நகலைப் போட்டுவிட்டேன். விளக்குகள் கண்ணடித்தன. பிறகு உள்ளே பார்த்தால் நம் வீடே அதில் இருந்தது. 'வாண்டு டேப்', 'கறார் மேசை', 'மாமியார் ரேடியோ'. ஒவ்வொன்றுக்கும் எப்போது உட்கார்ந்து பெயர் வைத்தீர்கள்? அம்மா ரேடியோவில் நாடகம் கேட்கும் நேரத்துக்கு மட்டும் வேகம் கூடுதலாக ஒதுக்கியிருந்தீர்கள். அம்மாவுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

இணையம்தான் வரவில்லை. பூமி உருண்டை மாதிரி ஒரு விளக்கு, அது ஆரஞ்சு நிறத்திலேயே நிற்கிறது. தேர்வு அலுவலகம் ஒரு ரூல் எழுதிக் கொடுத்தது, அவர்கள் கம்ப்யூட்டர் நம் வீட்டோடு பேசுவதற்கு. அதையும் கடைசி வரியாகச் சேர்த்துப் பார்த்தேன். அதுவும் வேலை செய்யவில்லை.

அம்மாவின் அறையைத்தான் மேசைக்காக ஒழித்தேன். சுவரில் கேமரா மாட்டிய ஆணி இன்னும் இருக்கிறது. ஒரு திருகாணியைக்கூடத் தூக்கிப் போடாத மனிதர் நீங்கள். என் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கேமராவை நான்கே நாளில் "கெட்டுப்போச்சு" என்று குப்பையில் போட்டீர்கள். நான் வெளியே போனால் படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. எத்தனையோ பெரிய விஷயம் நடந்த பிறகும் இந்தச் சின்ன விஷயம் எனக்கு ஆறவில்லை.

மூன்று வாரம்தான் இருக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள்.

வாண்டுவின் அம்மா


பிப்ரவரி 27

அன்புள்ள கறாருக்கு,

கடிதம் படிக்கும் அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "என்னய்யா இது, உள்ளே போற பக்கம் திறக்கும், மின்சாரத்தை நிறுத்தாதேன்னு எழுதியிருக்கே? தப்பிக்கத் திட்டமா?" என்றார். அரை மணி நேரம் ஃபயர்வால் பாடம் நடத்தினேன். கடைசியில் "எங்க வேலையும் அதானேய்யா" என்றார். இனி எண்களுக்கு மை அடிக்கமாட்டாராம். ஆனாலும் நான் எண்ணே எழுதப்போவதில்லை, வம்பு எதற்கு?

ஆரஞ்சு விளக்குக்குக் காரணம் எளிது. ஜூன் 9இல் நமக்கு இணையம் கொடுத்தது வேறு நிறுவனம், அதை நீ மாற்றிவிட்டதாக வாண்டு சொன்னாள். பெட்டி இன்னும் அவர்களுடைய பயனர் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. 'வெளி இணைப்பு' என்ற பக்கத்துக்குப் போ. பயனர் பெயர் கேட்கும் முறையை எடுத்துவிட்டு, 'தானாகப் பெறு' என்று மாற்று. விளக்கு பச்சையாகும்.

இனி உன் ரூல். ஃபயர்வால் ரூல்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படிக்கும். பொருந்துகிற முதல் வரியைக் கண்டதும் நின்றுவிடும், அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் கவலைப்படாது. நம் பட்டியலின் கடைசி வரி 'மற்ற எதையும் விடாதே'. நீ அதற்கும் கீழே கொண்டுபோய் எழுதியிருக்கிறாய். ஊர்வலம் கலைந்த பிறகு மேளம் அடித்தால் யார் கேட்பது? அதை முதல் வரிக்கு ஏற்று. மாற்றி முடித்ததும் புதிதாக ஒரு நகல் எடுத்து வை.

கேமராவைப் பற்றி இப்போது எதற்கு? அது மலிவுச் சரக்கு. அம்மா நல்லபடியாகத்தான் போனார்கள், நீ பக்கத்தில் இருந்தாய்.

பதினாறாம் தேதி நகலைத் தொடவில்லைதானே?

பூட்டு


மார்ச் 8

என்னங்க,

விளக்கு பச்சையாகிவிட்டது. ரூலையும் மேலே ஏற்றிவிட்டேன். தேர்வு அலுவலகத்து ஆள் நான்கு நாள் முன்னதாகவே இன்று வந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதத்தின் வேலை விஷயம் இத்துடன் முடிந்தது.

உங்கள் பதில் வருவதற்கு முன்பே நான் பதினாறாம் தேதி நகலைத் திறந்துவிட்டேன்.

ஆரஞ்சு விளக்கு மாறவில்லையே, ஒருவேளை இரண்டு நகலில் கெட்டது ஒன்பதாம் தேதி நகல்தானோ, நீங்கள் மாற்றி நினைத்துக்கொண்டீர்களோ என்று தோன்றியது. இருபது வருடமாக நான் செய்யும் வேலை என்ன? இரண்டு பிரதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுவது. அதைத்தான் செய்தேன். மூவாயிரத்து நானூறு வரி. ஒரு முழுப் பகல் ஆனது. பதினாறாம் தேதி நகல் கெட்டுப்போகவில்லை. அதில் பதினொரு வரி கூடுதலாக இருந்தது.

ரூலின் பெயர்: 'அம்மா அறை கேமரா'. வெளியிலிருந்து யார் வந்தாலும் உள்ளே விடு. பட்டியலின் முதல் வரி. எழுதிய நாள் ஜூன் 12, புதன்கிழமை, மதியம் இரண்டு இருபது.

நீங்கள் அப்போது மருத்துவமனையில் இருந்தீர்கள். வீட்டில் நான் இருந்தேன், அம்மா இருந்தாள். கேமராவோடு ஒரு காகிதம் வந்தது. போனில் படம் தெரிய வேண்டுமானால் ஃபயர்வாலில் செய்ய வேண்டியவை என்று ஆறு படி போட்டிருந்தது. பாஸ்வேர்டு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆறு படியையும் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் செய்தேன். படம் வந்தது. அம்மா தூங்குவது தெரிந்தது. உங்களைத் தொந்தரவு செய்யாமல் நானே செய்துவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் களைத்து வந்தீர்கள், மறந்துபோனேன். வெள்ளிக்கிழமை மருத்துவமனை முடங்கிவிட்டது. அதன் பிறகு கேமரா என்ற ஒன்று என் நினைவிலேயே இல்லை.

உங்களுக்கு எப்போது தெரிந்தது? ஞாயிற்றுக்கிழமைதானே? காலையில் நகல் பதிவானது. சாயங்காலம் நீங்கள் அந்த வரியைப் பார்த்தீர்கள். ஊசியைக் குத்தினீர்கள். கேமராவைக் குப்பையில் போட்டீர்கள். என்னிடம் வந்து "கெட்டுப்போச்சு" என்றீர்கள். நான் அதற்காக உங்களோடு சண்டை போட்டேன்.

நீதிமன்றத்தில் "எதற்காக அழித்தீர்கள்?" என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நான் அந்தத் தையல்காரரின் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டே உங்களை வெறுத்தேன். உங்கள் சோம்பேறித்தனத்தால் ஒரு மனிதன் கால் போய்விட்டதே என்று வெறுத்தேன். ஒரு வருடமாக உங்களைப் பார்க்க வரவில்லை. நான் வந்தால்தான் வாண்டுவும் வர முடியும் என்று தெரிந்தும் வரவில்லை.

நீங்கள் என்னைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். என்னைக் காப்பாற்றவில்லை. உங்களை வெறுக்க விட்டீர்கள். எது என் காதுக்குள் வரலாம், எது வரக்கூடாது என்று என்னைக் கேட்காமலே நீங்கள் முடிவு செய்தீர்கள். நான் உங்கள் மனைவி. பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ரேடியோ இல்லை.

இதைப் படிக்கும் அதிகாரி அவர்களே, இதில் எதற்கும் மை அடிக்க வேண்டாம்.

நான் இந்த நகலை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போகப்போகிறேன்.

கறார்


மார்ச் 15

கறாரே,

போகாதே.

இந்தக் கடிதத்தையும் படிப்பார்கள், படிக்கட்டும். இனி மறைக்க என்ன இருக்கிறது?

நீ செய்தது ஒரு காகிதத்தில் எழுதியிருந்ததைச் செய்ததுதான். அந்தப் பாஸ்வேர்டை அலமாரிக் கதவில் ஒட்டியவன் நான். மருத்துவமனைக்குப் போகும் வழியையும் வீட்டு ரேடியோவையும் ஒரே கூரைக்கு அடியில் வைத்தவன் நான். தனித்தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று தெரியும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். ஆகையால் நீதிபதி சொன்னது பொய்யில்லை.

அன்றைக்கு அந்த வரியைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். உன் அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்க ஆள் வேண்டும். வாண்டுவுக்குத் தலை பின்ன வேண்டும். இரண்டு பேரில் ஒருவர்தான் போக முடியும் என்றால் போகவேண்டியவன் நான். ஊசியைத் தேடி எடுத்தது உன் தையல் டப்பாவிலிருந்துதான். காலையில் பதிவான நகல் அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. நீ அடுக்களையில் இருந்தாய். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நேராகக் காவல் நிலையத்துக்குப் போவாய் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. உன்னைக் கேட்கவில்லை என்றாய். அது உண்மை.

இன்னும் ஏழு மாதம்தான். இதுவரை கழிந்ததைப் பார்த்தால் அது ஒன்றும் பெரிதில்லை. உன்னையும் விசாரணை என்று இழுத்தால் வாண்டுவுக்கு யார்? அவளுக்காகவாவது அந்த நகலை அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிடு. நீ என்னை வெறுத்ததை நான் தாங்கிக்கொண்டேன். நீ உள்ளே வருவதை என்னால் தாங்க முடியாது.

பூட்டு


ஏப்ரல் 2

என்னங்க,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. வக்கீல் அலுவலகத்தில் இருந்தேன். முன்பே வந்திருந்தாலும் போயிருப்பேன்.

வக்கீல் நகலை இரண்டு முறை படித்தார். பிறகு, "இதனால அவருக்குத் தண்டனை குறையும்னு சொல்ல முடியாதும்மா. அழிச்சது அழிச்சதுதான். உங்க மேல என்ன வரும்னும் இப்போ சொல்ல முடியாது. யோசிச்சுக்குங்க" என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். அவர் தட்டச்சு செய்ததில் இரண்டு பிழை இருந்தது, திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். விசாரணைக்குக் கூப்பிடும்போது வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

தேர்வு அலுவலகத்துக்கும் எழுதினேன். வினாத்தாள் வேலையை எடுத்துவிட்டார்கள். கோபமில்லை, நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன். அலுவலகத்துக்கே போய் முகவரிப் பட்டியல்களுக்குப் பிழை பார்க்கிறேன். சம்பளம் குறைவு, சமாளிக்கலாம்.

பிறகு தையல்காரரின் கடைக்குப் போனேன். மிதிக்கும் இயந்திரத்துக்கு மோட்டார் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லத் தொடங்கினேன்.

"தெரியும். கோர்ட்ல எனக்குப் பின்னாடி உக்காந்திருப்பீங்க" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டாரை நிறுத்தவில்லை. காலர் முடிந்த பிறகுதான் நிறுத்தினார்.

"அப்போ இவ்வளவு நாளா நான் தப்பான ஆளைத் திட்டிக்கிட்டு இருந்தேனா?"

"பாதி சரிதான். அழிச்சது அவர். தொறந்தது நான்."

"எதுக்கு அந்தக் கேமரா?"

"அம்மா படுக்கையில இருந்தாங்க. நான் வெளியே போனா பாக்க யாருமில்ல."

"இப்போ?"

"போயிட்டாங்க."

அவர் கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினார். "மன்னிச்சேன்னெல்லாம் சொல்ல மாட்டேன். அதை எதிர்பார்த்து வந்திருந்தா போயிடுங்க."

"எதிர்பார்த்து வரல. உங்களுக்குத் தெரியணும்னுதான் வந்தேன்."

"சரி, உக்காருங்க. நீங்க நின்னுக்கிட்டே இருந்தா எனக்கு இல்லாத கால் வலிக்குது."

உட்கார்ந்தேன். அவர் அடுத்த சட்டையை எடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வந்தேன்.

வாண்டுவுக்கும் சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு ஒளித்து வைத்திருந்த அந்த நீதிமன்றச் சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அப்பா வந்ததும் பெட்டியில் திருப்பிக் கட்டலாம் என்று வைத்திருந்தாளாம். ஏன் என்று கேட்டேன். "அது அப்பாவோடதுதானே" என்கிறாள்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அவளோடு வரலாம் என்று இருக்கிறேன். அங்கே பட்டியல் ஒன்று உண்டாமே. கைதி யார் யார் பெயரை எழுதிக் கொடுக்கிறாரோ அவர்களைத்தான் உள்ளே விடுவார்களாம், மற்றவர்களை வாசலிலேயே திருப்பிவிடுவார்களாம். நான் இத்தனை நாள் வராததால் என் பெயரை எடுத்திருப்பீர்கள். திரும்பச் சேர்க்க எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்து எழுதுங்கள். இந்த மாதம் முடியாவிட்டால் அடுத்த மாதம் வருகிறோம்.

உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். நேரில் கேட்கிறேன்.

உங்கள் கறார்


ஏப்ரல் 7

என் கறாருக்கு,

நீ செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. உன்மேல் வந்த கோபத்தில் ஒரு புத்தகத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது நெஞ்சில் ஏதோ குறைந்திருந்தது. அது என்னவென்று எனக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நேரில் சொல்லப் பார்க்கிறேன்.

பட்டியலை ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து பெயர் எழுதலாம். நான் ஒரே பெயரைத்தான் எழுதுவேன், முதல் வரியில். எழுத்தர் ஒரு முறை கேட்டுவிட்டார், "வராதவங்க பேரை எதுக்குய்யா மாசாமாசம் எழுதுறே, கை வலிக்கலையா?" என்று. இந்த மாதமும் ஒன்றாம் தேதி எழுதிக் கொடுத்தேன். அப்போது உன் கடிதம் வந்திருக்கவில்லை.

பத்து மணிக்கு மேல் வா, அதற்கு முன் வாசலில் வெயிலில் நிற்க வைப்பார்கள். வாண்டுவின் பள்ளி அடையாள அட்டையை எடுத்துக்கொள், பெரியவர்களோடு வரும் பிள்ளைகளுக்கு அது போதும். அந்தச் சீட்டைக் கொண்டுவர வேண்டாம், உள்ளே விடமாட்டார்கள். வீட்டிலேயே இருக்கட்டும்.

வாசலில் உன் பெயரைக் கேட்பார்கள். சொல். பெயர் இருக்கிறது.

பூட்டு